கொக்கியிழந்த பயனெட்டின் பொருட்டுக் கே.கே. நகரில் மூண்ட பெரும்போர்

வாழிய வெங்கட்ராகவன்! காவிரி ஒருபுறமும் கொள்ளிடம் மறுபுறமும் காவல் நிற்க, நடுவே அரிதுயில் கொள்ளும் அரங்கமாநகரின் கீழச் சித்திரை வீதியிலே, மாடியறைச் சுவர் மறையப் பிரெஞ்சுப் பயனெட்டுகளைத் தொங்கவிட்டு, ஞாயிறுதோறும் எண்ணெய்க்காப்பிட்டு ஆராதிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியர் வாழிய! வாழைக்காய் நறுக்கப் புகுந்தால் தம் விரலை நறுக்கிக்கொள்ளும் அவ்வீரரின் புகழைப் பாடப் புகுந்தோம்; சொற்குற்றம் பொறுக்க.

பயனெட்டென்பது துப்பாக்கியின் நுனியிலே செருகிக்கொள்ளும் கத்தி என்பதறியாதாரும் இவ்வுலகில் உளர். அவர்க்குச் சொல்வோம்: அவற்றுள்ளும் குலங்கள் உண்டு, கிளைகள் உண்டு. அலகு நாணும் மங்கையின் புருவமென நெளிந்து, பித்தளைப் பிடி பொன்னென மின்னினால் அஃது ஆயிரத்தெண்ணூற்று அறுபத்தாறாம் ஆண்டு மாதிரி. அலகு நிமிர்ந்து, மரப்பிடி பூண்டு நின்றால் அஃது எழுபத்து நான்கு. வெட்டுதலறியாது குத்துதலொன்றே கற்ற நாற்பட்டை ஊசியாயின் அஃது எண்பத்தாறு. அதன் பிடியடியிலே கிளிமூக்கென வளைந்த கொக்கியொன்று இருக்கும். முதல் உலகப் போரின் நடுவே பிரெஞ்சுப் படை அக்கொக்கியைத் துறந்தது. அவ்வாறு படையின் ஆணையால் கொக்கி களையப்பெற்ற எண்பத்தாறு ஒன்று மட்டும் வெங்கட்ராகவனிடம் இல்லை. அதன் பொருட்டுச் சுவரில் அடித்து வைத்த வெற்றாணியைப் பார்க்குந்தோறும் அவர் நெஞ்சு கன்றை இழந்த பசுவெனக் கதறும். அவர்தம் இல்லத்தரசி வைஜயந்தியோ அவ்வாணியில் குடையை மாட்டுவார்.

இனிப் பகைவனைப் பாடுவோம். புத்தூரில் கண் மருத்துவம் புரியும் முகம்மது கனி, பிறர் கண்ணுக்கு ஒளி தருபவர். தம் கண்ணோ பருந்தின் கண். திருச்சிராப்பள்ளிச் சீமையில் எழுபத்து நான்கையும் எண்பத்தாறையும் பிரித்தறிய வல்லார் இருவரே. அவருள் ஒருவர் வெங்கட்ராகவன், மற்றவர் கனி. ஆதலின் அவர்கள் உயிர் நண்பராயிருந்தனர், ஆதலினாலேயே பகைவருமாயினர். சென்ற ஆண்டு தில்லை நகரில் கூடிய சேகரிப்பாளர் அவையில், வெங்கட்ராகவன் தம் அறுபத்தாறைப் பட்டுத்துணியில் ஏந்தி நின்றபோது, கனி குனிந்து நோக்கி, "சார், கத்திக்கு ஒரு நம்பர், உறைக்கு ஒரு நம்பர் இருக்கே. இது அதோட உறை இல்ல" என்று உரக்க மொழிந்தார். அவை சிரித்தது. அன்று முதல் ஓராண்டாக இருவரும் ஒருவரோடொருவர் ஒரு சொல்லும் பேசிலர்.

இப்பகையறியாதாள் ஒருத்தி கே.கே. நகரில் இருந்தாள். துவாக்குடியில் பட்டறை நடத்தி மறைந்த சின்னையாவின் துணைவி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, ஆனந்தவள்ளி என்னும் பெயர் கொண்டாள். மாமனார் காரைக்காலிலிருந்து கொண்டுவந்த பழங்கத்தியொன்று வீட்டில் கிடக்க, அதன் அருமை அறிந்தார்க்கு அளிப்போமென்று கருணை கூர்ந்து, இருவர் பெயரையும் யாரிடமோ கேட்டறிந்து, இருவரையும் ஒரே ஞாயிறு காலையில் அழைத்துவிட்டாள்.

வந்தனர் இருவரும். வாசலிலே ஒருவரையொருவர் கண்டனர். இரு மதயானைகள் ஒரு குளத்துத் துறையில் எதிர்ப்பட்டாற்போல ஒருகணம் நின்று, பின் இரு வேறு திசையை நோக்கியவாறு ஒரே சோபாவில் அமர்ந்தனர்.

"காபி சாப்பிடுறீங்களா? ரெண்டு பேரும் பிரெண்ட்ஸாமே, ரொம்ப சந்தோஷம்" என்றாள் ஆனந்தவள்ளி. இருவரும் காபியை மட்டும் ஒப்புக்கொண்டனர்.

பழந்துணி அவிழ்ந்தது; கத்தி வெளிப்பட்டது. மங்கிய வெள்ளி போல் வெளுத்த பிடி, நாற்பட்டை ஊசியலகு, பிடியடியிலோ, கொக்கி இருந்த இடத்திலே வெறும் தழும்பு. கண்டார் வெங்கட்ராகவன்; காதுமடல் சிவந்தது. ஓராண்டல்ல, ஓராயுளின் தவம் மேசைமேல் கிடந்தது.

"அம்மா, இது ரொம்ப அபூர்வம். யுத்த சமயத்துல ராணுவமே கொக்கிய எடுத்த எண்பத்தாறு. நான் தேடாத இடமில்லை" என்று முழங்கினார், வெற்றிமுரசு அறைந்தாற்போல.

கனி பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார், உறையினின்று வாளுருவும் வேந்தனென. தழும்பருகே குனிந்தார். கடிகாரமும் மூச்சடக்கியது.

"அம்மா, அவர்கிட்ட சொல்லுங்க" என்றார் கனி, அருகிலிருந்தவரை நோக்காது. "ராணுவத்துல எடுத்திருந்தா வழவழன்னு தேய்ச்சு உருட்டியிருப்பாங்க. இங்க ஒரே பக்கமா கீறல் ஓடுது. பிடியெல்லாம் மங்கிப்போயிருக்கு, வெட்டின இடம் மட்டும் பளிச்னு இருக்கு. இது பின்னாடி யாரோ அறுத்தது."

"குண்டு மழைக்கு நடுவுல உக்காந்து பாலீஷ் போடுவாளா? அவர்கிட்ட கேளுங்கோ!" என்று சீறினார் வெங்கட்ராகவன்.

இவ்வாறு ஆனந்தவள்ளியின் தலைக்கு மேலே சொல்லம்புகள் பறந்தன. தழும்பின் நிறம் என்றார் ஒருவர். உலோகத்தின் கலப்பு என்றார் மற்றவர். நூறாண்டு அழுக்கு நூறாண்டுத் தழும்பில் ஏன் படியவில்லை என்று கனி கேட்க, எலுமிச்சம்பழம் போட்டுத் துலக்கினால் எதுவும் பளிச்சிடும் என்று வேதியியல் பேசினார் வெங்கட்ராகவன். ஆறின காபியின் மேல் ஆடை படிந்தது. ஈயொன்று நடுநிலை வகித்து இருவர் டம்ளரிலும் அமர்ந்தெழுந்தது.

அப்போது ஆனந்தவள்ளி, வகுப்பறை இரைச்சலை அடக்கிப் பழகிய வலக்கரத்தை உயர்த்தி, "அந்தக் கொக்கியா?" என்றாள். "கத்தி பெட்ரூம் கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்கிட்டிருந்துச்சு. நான் ஸ்கூலுக்குக் கிளம்புறப்பல்லாம் கொக்கி முந்தானையில மாட்டும். ரெண்டு புடவை கிழிஞ்சுடுச்சு. ஒரு நாள் கத்துனேன் பாருங்க, அவரு பட்டறைக்குக் கொண்டுபோய் ஆக்சா பிளேடு போட்டு அறுத்துட்டு வந்துட்டாரு."

வீழ்ந்தது வெங்கட்ராகவனின் வெண்கொற்றக்குடை. பிரெஞ்சுப் படையின் ஆணையென்று அவர் கண்ட தழும்பு, கிழிந்த புடவையின் ஆணையாயிற்று. அவர் கத்தியைக் கையிலெடுத்தார், தழும்பை விரலால் தடவினார், நெடுநேரம் தடவினார். பின், ஓராண்டாகப் பூட்டியிருந்த கதவு துருப்பிடித்த கீலில் திறந்தாற்போல அவர் வாய் திறந்தது.

"டாக்டர், நீங்க சொன்னதுதான் சரி. அறுத்ததுதான்."

கனி நிமிர்ந்தார். வென்றவன் முகத்தில் இருக்கவேண்டிய களிப்பைத் தேடினோம், காணோம். தோற்றவரின் முகத்தை அவர் அரைக்கணத்துக்கு மேல் பார்க்க மாட்டாதவராய், உருப்பெருக்கியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"சார், ஒண்ணு யோசிச்சீங்களா?" என்றார் மெல்ல. "ராணுவம் கொக்கிய எடுத்த கத்தி ஆயிரக்கணக்குல இருக்கு. புடவைக்காக எடுத்தது உலகத்துல இது ஒண்ணுதான்."

வெங்கட்ராகவனின் விழிகளில் விளக்கேறியது. "எண்பத்தாறாம் வருஷ மாதிரி," என்றார், நாமகரணம் செய்யும் குரலில். "கே.கே. நகர் திருத்தம்!"

"துவாக்குடி ஆயுதசாலைன்னும் சேர்த்துக்குங்க சார்."

சிரித்தனர் இருவரும். பாரிலுள்ள பயனெட் வகைகளில் புதிதாய் ஒன்று பிறந்தது. பிறக்கும்போதே பெரும்போரொன்றையும் உடன்கொணர்ந்தது. ஏனெனில் ஆனந்தவள்ளி, "சரி, யாரு எடுத்துக்கிறீங்க?" என்று வினவினாள்.

"கண்டுபிடிச்சது டாக்டர். அவருக்குத்தான் சேரணும்" என்றார் வெங்கட்ராகவன்.

"ஐயோ, வேணாம் சார். நீங்க எத்தனை வருஷமா தேடுறீங்க! நீங்க வச்சுக்குங்க."

"நான் தொடமாட்டேன் டாக்டர். நீங்கதான் எடுத்துக்கணும்."

முன்னைப் போரினும் பின்னைப் போர் கொடிது. கத்தி இவர் மடியிலிருந்து அவர் மடிக்கும், அவர் மடியிலிருந்து இவர் மடிக்கும் பந்தெனப் பறந்தது. இருவர் உள்ளமும் அதை எனக்கே எனக்கேயென்று அலற, இருவர் நாவும் உமக்கே உமக்கேயென்று உபசரித்தது. இன்னும் ஒரேயொரு முறை மற்றவர் வற்புறுத்தினால் பெற்றுக்கொள்ளலாமென்று இருவருமே தீர்மானித்திருந்த அந்த ஊழ்வினைக் கணத்திலே, ஆனந்தவள்ளி எழுந்தாள், கைநீட்டினாள், கத்தியைப் பற்றினாள்.

"ரெண்டு பேருக்கும் வேணாம்னா விடுங்க, எதுக்கு சிரமம். நானே வச்சுக்கறேன்" என்றாள்.

இடியேறுண்ட நாகமென இருவரும் சாய்ந்தனர். மறுத்துரைக்க நாணம் விடவில்லை. ஒருவர் கையை ஒருவர் ரகசியமாய்ப் பற்றிக்கொண்டு, இருவரும் சேர்ந்து, "அதனால என்னம்மா, நல்லதுதான்" என்றனர். அவ்வொலியில் ஒரு சாம்ராஜ்யம் சரிந்தது.

மறுநாள் காலையில் ஆனந்தவள்ளி அந்தக் கத்தியால் மிளகாய் நாற்றுக்குக் குழி போட்டாள்.