மாமனாரின் பிரவுசர்

"பட்டன் ஏன் மாப்ளே கிளிப்பச்சையா இருக்கு?" என்றார் மாமனார், தொலைபேசியில்.

மாப்பிள்ளை தன் திரையைப் பார்த்தார். பட்டன் நீலமாக இருந்தது. அதுவும் தெருவில் போகிற நீலம் இல்லை. பல நீலங்களை வரிசையாக நிற்கவைத்து, நேர்முகத் தேர்வு நடத்திப் பொறுக்கிய நீலம்.

"நீலம்தானே மாமா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. பச்சை. பார்த்தா பல்லு கூசுது."

கணினித் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு ஒரு வேதவாக்கு உண்டு: தப்பு எப்போதும் எதிராளியின் பிரவுசரில்தான். மாப்பிள்ளை கொட்டை போட்டவர்.

"உங்க பிரவுசர் பழசு மாமா. நான் போட்ட கலர் தீம் அதுக்குப் புரியலை."

"இந்தக் கம்ப்யூட்டர் உங்க கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது மாப்ளே. இதுவரைக்கும் அதுக்குப் புரியாம போனது எதுவுமே இல்லை."

மாமனாருக்கு ஒரு மெத்தைக் கடை. 'நிம்மதி மெத்தையகம்'. அவருடைய அப்பா ஆரம்பித்தது. அப்பா போனதும் இவரும் இவர் தம்பியும் அடித்துக்கொண்டு, சாலைக்கு இந்தப்பக்கம் ஒன்றும் அந்தப்பக்கம் ஒன்றுமாகப் பிரிந்தார்கள். பெயரை மட்டும் இருவரும் விடவில்லை. ஒரே பலகை, ஒரே எழுத்து. பத்து வருடமாகப் பேச்சு இல்லை. ஊரில் நிம்மதி இரண்டு இருந்தும் அந்தக் குடும்பத்தில் ஒன்றுகூட இல்லை.

வேலையை உதறிவிட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பித்த மாப்பிள்ளைக்கு, முதல் வேலையும் ஒரே வேலையுமாக வாய்த்தது மாமனார் கடைக்கான இந்த சைட். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"சைட் திறப்பு விழா அன்னைக்கு அது ஜம்முனு இருந்தா உங்க தொழில் உங்களுக்கு. இல்லேன்னா கௌரவம் பார்க்காம நம்ம கடைக் கல்லாவுல வந்து உக்காந்துடுங்க."

அந்தக் கல்லாவில் மாப்பிள்ளை ஒருமுறை ஒரு பிற்பகல் உட்கார்ந்திருக்கிறார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இது இடுப்புக்கு நல்லதா தம்பி?" என்று முனகினார்கள். இரண்டு பேர் தூங்கியே போனார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு வியர்க்கும்.

"மாமா, நான் அனுப்பின லிங்க்கைத்தானே அழுத்தினீங்க?"

"லிங்க்கையெல்லாம் அழுத்தறதுக்கு நான் என்ன ஏமாளியா? அழுத்தினா பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடும்னு பேப்பர்லயே போட்டிருக்கான். கடைப் பேரைத் தட்டினேன், ஜோரா வந்துடுச்சு. குறையெல்லாம் அடியில இருக்கற கட்டத்துலயும் என் பேரைப் போட்டு எழுதி அனுப்பிட்டேன். வாயால சொன்னா நீங்க பதிலுக்கு இங்கிலீஷ் பேசறீங்க."

கருத்துச் சொல்லும் அந்தக் கட்டத்தை மாப்பிள்ளை இன்னும் எதனோடும் இணைக்கவே இல்லை. மாமனாரின் கருத்துகள் காற்றோடு போவதில் அவருக்கு வருத்தமும் இல்லை. முதுகு வளைத்து வேலையில் இறங்கினார். எந்தப் பிரவுசராக இருந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் நீலத்தைக் காட்டியே தீரவேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் கட்டளை போட்டார்.

நீலம் பணிந்தது. கொஞ்சம் அதிகமாகவே பணிந்தது. பட்டனோடு அதற்குள்ளிருந்த எழுத்தும் நீலமாகிவிட்டது.

"என்னங்க, வாங்கற பட்டன்ல எழுத்தையே காணோம்?" என்றாள் மனைவி, தன் போனைப் பார்த்தபடி.

மறுநாள் மாமனார் அழைத்தார். "பச்சை அப்படியேதான் இருக்கு. போதாக்குறைக்கு ஒரு தலையணைப் படம் விலை மேல ஏறி உக்காந்திருக்கு. அதையும் எழுதிட்டேன்."

மாப்பிள்ளையின் திரையில் தலையணை ஓரமாகச் சமர்த்தாக இருந்தது. "ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா."

போட்டோ வந்தது. பாதி மாமனாரின் கட்டைவிரல். மீதியில் பாதி டியூப்லைட் வெளிச்சம். எஞ்சிய இடத்தில் 'நிம்மதி மெத்தையகம்' என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே கிளிப்பச்சை, விலையை விழுங்கிய தலையணை, எறும்பு ஊர்வதுபோல் எழுத்து. தான் பெற்ற பிள்ளைக்குப் பேய் பிடித்ததைப் பார்த்த தகப்பன்போல் மாப்பிள்ளை பதறினார்.

பழைய பிரவுசருக்குப் பழைய மருந்துதான். இரவுக்கென்று பார்த்துப் பார்த்துச் செய்த கறுப்பு வண்ணக்கோலத்தைத் தூக்கினார். வளைந்த ஓரங்களைச் சீவினார். நிழல், நளினம் எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டு, பக்கத்தை ஆதிகாலத்துக் கட்டங்களாகப் பிரித்தார்.

மறுநாள் மாமனாரின் குரலில் தேன் வழிந்தது. "இன்னிக்குத் தேவலையே மாப்ளே! பட்டன் நீலமாயிடுச்சு!"

மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. எழுத்தின் அழகைப் பறித்து, அளவைப் பெருக்கினார். "இப்பத்தான் எழுத்து முத்து முத்தா இருக்கு!" என்றார் மாமனார். மாப்பிள்ளை படங்களைப் பிடுங்கி எறிந்தார். "அடடா, அந்தத் தலையணை நகர்ந்துடுச்சு!" என்றார் மாமனார்.

மாப்பிள்ளைக்கு ஒரு பேருண்மை புலப்பட்டது. இங்கே எவ்வளவுக்கெவ்வளவு கோரமோ, அங்கே அவ்வளவுக்கவ்வளவு அழகு. அதன்பின் அவர் கை ஓயவில்லை. சைட்டைக் கோழி உரிப்பதுபோல் உரித்தார்.

"என்னங்க இது, மெத்தைக் கடையா, கரண்ட் பில்லா?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாதும்மா. இதை உங்கப்பா பிரவுசர்ல பார்க்கணும்."

"எங்கப்பா ஒருத்தர்தான் மெத்தை வாங்கப் போறாரா?"

மாப்பிள்ளை அவளை அற்பப் புழுவைப்போல் பார்த்தார்.

திறப்பு விழா அன்று கடையில் நாற்காலிகளுக்குப் பதில் மெத்தைகள் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எழ முடியாமல் எழுந்து வணக்கம் சொன்னார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் கனமான ஆள்; நடுமெத்தையில் புதைந்திருந்தார். மாமனார் கடைப் பெயரைத் தானே தட்டித் திரையைத் திருப்பினார்.

மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

அரண்மனை! நீலப் பட்டன், முத்து முத்தான எழுத்து, இடமறிந்து படுத்திருக்கும் தலையணைகள். தன் கரண்ட் பில் இந்தப் பழைய பெட்டிக்குள் போய் இப்படி இளவரசியாகப் பிறந்திருப்பதைக் கண்டு அவருக்குக் கண் கலங்கியது. திறமை தனக்கு உண்டு என்று தெரியும். இவ்வளவு இருக்கும் என்று அவரே நினைக்கவில்லை.

"எப்படித் தம்பி செஞ்சீங்க?" என்றார் சங்கத் தலைவர்.

"பிரவுசரோட மனசைப் படிக்கணும் சார்," என்று மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "எல்லாராலயும் முடியாது. நாம எதைக் கொடுக்கறோம்ங்கறது முக்கியமில்லை, அது எதை வாங்கிக்குதுங்கறதுதான் முக்கியம்."

சங்கத் தலைவர் பயபக்தியோடு தலையாட்டிவிட்டுத் தன் போனை நீட்டினார். "நீங்க அனுப்பின லிங்க்ல பார்த்தா எனக்கு ஏதோ அபராத நோட்டீஸ் மாதிரி வருதே?"

"உங்க போன் ரொம்பப் புதுசு சார். அதான்."

"கேட்டுக்குங்க!" மாமனார் மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கித் தட்டினார். "கல்லாவுல உக்கார வேண்டிய ஆளா இவரு? இனிமே இவர் தொழில்ல நான் தலையிட மாட்டேன். சங்கத்துல இருக்கற அத்தனை கடைக்கும் இவரே சைட் செய்யட்டும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். மாப்பிள்ளை அடக்கமாகச் சிரிக்க முயன்றுகொண்டிருந்தபோது, வாசலில் யாரோ தயங்கி நின்றார். எதிர்க்கடைச் சிப்பந்தி. கையில் வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெரிய தலையணை. பத்து வருடத்தில் அந்தக் கடையிலிருந்து ஒரு ஈகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. கைதட்டல் நின்றுபோனது.

சிப்பந்தி தலையணையை மாமனார் கையில் பயத்தோடு வைத்தார்.

"எங்க முதலாளி அழுதுட்டாருங்க, அண்ணன் நீங்க என்னதான் பேசலேன்னாலும், எங்க சைட்ல இருந்த குறையெல்லாம் தினமும் பார்த்துப் பார்த்துக் கட்டத்துல எழுதி அனுப்புனீங்களே, அந்தப் பச்சைப் பட்டன்லேர்ந்து எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம், வேற ஏதாச்சும் இருந்தா கேட்டுட்டு வரச் சொன்னாரு."