தனிஸ்லாஸ் எழுதிய பொறுமைப் பரீட்சை

இனி ஞாயிற்றுக்கிழமை மீன் கழுவுவதில்லை என்று தனிஸ்லாஸ் தீர்மானித்துவிட்டார். வாயால் சொன்னால் நடக்குமா? பூசை முடிந்து கே.கே. நகர் வீட்டுக்குள் நுழைந்ததுமே அவர் கையில் கத்தி ஏறிவிடும். இந்த வாரமோ பதினோரு மணிக்கு மாதா கோவில் மன்றத்தில் கேரம் ஜோடி ஆட்டத்தின் இறுதிப் போட்டி. ஒன்பது வருசம் ஆடி இப்போதுதான் இறுதிக்கே வந்திருக்கிறார், பாவம்.

நல்லவேளை, மனுசன் கப்பலூர் கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுப்பவர். அங்கே கொடுக்கிற மனோதத்துவ டெஸ்ட் தாளை வீட்டுக்கே கொண்டுவந்தார். நாற்பது கேள்வி. எதற்கு எந்த டிக் போட்டால் எம்புட்டு மார்க் என்பது அவருக்கு மனப்பாடம். பிறகென்ன, சைபர் விழுகிற டிக்காகப் பார்த்து அடித்துத் தள்ளிவிட்டார்!

"பாத்தியா பாக்கியம்? பொறுமை சைபர். கை நிதானம் சைபர். இந்த ஆள நம்பி மீனக் குடுக்கலாமா?"

மனைவி பாக்கியமேரி பள்ளிக்கூடத்து டீச்சர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சரியாத்தான் சொல்லுமா?"

"என்ன இப்பிடிக் கேட்டுட்ட! ஆயிரம் பேருக்கு வச்சுப் பாத்துத்தான் மார்க்கே வகுத்திருக்காங்க. இத நம்பித்தான் மிசின்லயே ஆள நிறுத்துறோம்."

"அப்பச் சரிங்க. விளமீன நானே கழுவிக்கிறேன்."

ஆகா! தனிஸ்லாசுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தால், பாக்கியமேரி காதில் போன்.

"பாண்டிராஜ் அண்ணே, உங்க கேரம் ஜோடிக்குப் பொறுமையும் இல்ல, கை நிதானமும் இல்ல. டெஸ்ட்லயே வந்திருச்சு. வேற ஆளப் பாத்துக்கங்க."

"அடிப்பாவி! வேற ஆளு வேணாம்னு சொல்லு! அது காபி குடிக்காம எழுதுனது. இன்னொருக்க எழுதுறேன்."

"ஆளு மாறலைன்னா மார்க்கும் ரொம்ப மாறக் கூடாதுன்னு பி.எட்.ல படிச்சேன். மாறுச்சுன்னா முன்ன எழுதுனது பொய்யின்னு அர்த்தம். சம்மதமா?"

மானமா, கேரமா? கேரம்தான். நடுங்காமல் எழுதினார். நாற்பதுக்கு நாற்பது!

"அண்ணே, வேற ஆளு வேணாம். கொஞ்சம் பிந்தி வாராரு," என்று மறுபடி பாண்டிராஜுக்குப் போன் போட்டுச் சொன்னாள் பாக்கியமேரி. சிரித்துக்கொண்டே பிரிட்ஜைத் திறந்து, இரண்டு கிலோ நெத்திலியை எடுத்து அவர் முன்னால் கொட்டினாள்.

"இம்புட்டுப் பொறுமைக்காரருக்கு விளமீன் எதுக்குங்க? ஒவ்வொண்ணாத் தலையைக் கிள்ளிட்டுக் கிளம்புங்க."