சுத்தியல்களின் முதல் எதிரணி

ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் தாண்டியும் எதிரணியான 'கிரேன்வில் புயல்' வரவில்லை. பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம் நிரம்பி வழிந்தது. வென்டெல் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்தான்.

"போன் எடுக்கறாங்களா?" மனைவி டார்லீன் கேட்டாள்.

"அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுக்கல."

இந்தியானா மாநிலத்து மில்ஃபோர்க்கில் இரும்பு ஆலை மூடியதிலிருந்து எதைத் தொடங்கினாலும் மூடத்தான் வேண்டியிருந்தது. வென்டெல் ஆரம்பித்த கார் கழுவும் கடை அப்படித்தான் போனது. மீன் பண்ணையும் போனது. ஊர் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறது. இப்போது கூடைப்பந்து அணி, 'மில்ஃபோர்க் சுத்தியல்கள்.' லீக் கடைசித் தட்டுதான் என்றாலும் சம்பளம் வாங்கி ஆடுகிற அணி. இன்று முதல் ஆட்டமே நடக்காவிட்டால் நாளைக் காலை சர்ச்சில் அவனால் தலை காட்ட முடியாது.

"எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடுங்க," என்றாள் டார்லீன்.

"நீ போய்ச் சொல்லேன்."

அவள் பாப்கார்ன் விற்கத் திரும்பிக்கொண்டாள்.

வென்டெல் உடை மாற்றும் அறைக்கு ஓடினான். மாற்று ஆட்களாகப் பெஞ்சில் உட்கார வைக்க நினைத்திருந்த ஐந்து பேரைத் தனியே கூப்பிட்டான்.

"டேய், பனியனத் திருப்பிப் போடுங்க. இன்னைக்கு நீங்கதான் கிரேன்வில் புயல்."

டயர் கடையில் வேலை பார்க்கும் கிளைட் முறைத்தான். "ஏண்ணே, நம்ம டீம்ல எனக்கு இடம் இல்ல. அவங்க டீம்ல மட்டும் இருக்கா?"

"தோத்துக் குடுத்துட்டுப் போங்கடா. அவ்வளவுதான் வேலை."

தேசிய கீதம் முடிந்து பந்து மேலே போனது. கிளைட் நாக்கை நீட்டிக்கொண்டு இடது கையால் முதல் பந்தைக் கூடையில் போட்டான். இந்தியானாக்காரர்கள் ஒருவன் முகத்தை மறந்தாலும் அவன் பந்து போடும் விதத்தை மறப்பதில்லை.

"அது நம்ம டயர் கடை கிளைட்டு இல்ல?" என்றது ஒரு குரல்.

மைக் பிடித்திருந்தது டார்லீனின் தம்பி வெர்ஜில். வென்டெல் அவன் காதைக் கடித்தான். "மச்சான், எதையாவது சொல்லிச் சமாளிடா."

வெர்ஜில் சட்டென்று அறிவித்தான். "பந்தைப் போட்டவர் கிரேன்வில் வீரர். நம்ம கிளைட்டோட பெரியப்பா மகன்."

கூட்டத்தில் கிளைட்டின் அம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு அண்ணன் இருக்காரா? எங்கிட்ட சொல்லவே இல்ல."

அவர் கூடையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அடுத்தவன் போட்டான். அவன் இன்னொருவனுக்குச் சித்தி மகன் ஆனான். மூன்றாவது ஆள் போட்டதும், "இவன் யாரோட யாருப்பா?" என்று கூட்டமே வெர்ஜிலைக் கேட்டது. அவன் மைக்கை அணைத்துவிட்டான்.

இடைவேளையில் வென்டெல் கிளைட்டைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனான். "தோக்கச் சொன்னேன்ல?"

"தோக்கத்தாண்ணே பாக்கறோம். உங்க ஆளுங்க விடமாட்டேங்கறாங்க."

"இனி ஒரு பந்து போட்டே, டீம விட்டே தூக்கிருவேன்."

"எந்த டீம விட்டு?"

கிளைட்டுக்கு ரோஷம் பொங்கிவிட்டது. மற்ற நால்வருக்கும் அதைத் தொற்ற வைத்தான். அதன் பிறகு அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பயிற்சியில் ஒருநாளாவது ஆடியிருந்தால் வென்டெல் அவர்களைப் பெஞ்சில் வைத்தே இருக்கமாட்டான்.

சுத்தியல்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். அதுவும் தங்களிடமே.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொருவராகத் துக்க வீட்டில் போல வென்டெலின் தோளைத் தட்டிவிட்டு வெளியேறினார்கள். பாதிரியார் மட்டும் நின்று, "நாளைக்கு வந்துரு வென்டெல். பிரசங்கத்துல நான் வேற விஷயம் பேசறேன்," என்றார். அதுதான் அவனை அதிகமாகச் சுட்டது. நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

எல்லோரும் போன பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்தார்.

"நான் கிரேன்வில்லேருந்து வர்றேங்க. புயல் டீமுக்கு நான்தான் முதலாளி."

வென்டெலுக்கு ரத்தம் கொதித்தது. "உங்க ஆளுங்க எங்கய்யா? போன ஏன் எடுக்கல?"

அவர் தரையைப் பார்த்தார். "போன எடுத்து என்னத்தச் சொல்றது? பேர் வெச்சேன், கொடி அடிச்சேன், ஆட ஒருத்தன்கூட வந்து சேரல. நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிரலாம்னு வந்தேன். உள்ள நுழைஞ்சா என் டீம் ஜெயிச்சிட்டு இருக்கு."

வென்டெல் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னான்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "வர்ற சனிக்கிழமை எங்க ஊர்ல ஆட்டம். என் பசங்களக் கொஞ்சம் அனுப்பி வைக்கறீங்களா?"