பதினாலு உருண்டையும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

தன் அன்புக்கும் அதட்டலுக்கும் என்னை என்றைக்கும் ஆளாக்கி வைத்திருக்கும் மருமகளுக்கு,

பத்து விரலிலும் பசை ஒட்டி, அதில் ஒரு விரல் மேஜையோடும் ஒட்டி, மீதி ஒன்பதின் உதவியால் உன் மாமா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அதாவது உன் அத்தை நலம். நான் உயிரோடு இருக்கிறேன். போனில் சொல்ல வேண்டிய விஷயத்தை ஏன் கடிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நீ திருப்பிப் பேசுவாய். கடிதம் பேசாது.

போன வாரம் நீ போட்ட உத்தரவு என் காதில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது. "மாமா, நம்ம குடும்பத்துல பதினாலு பேர். பதினாலு பேருக்கும் கிறிஸ்துமஸ் மரத்துல ஆளுக்கொரு உருண்டை தொங்கணும். கடையில வாங்கினது இல்ல, உங்க கையால செஞ்சது. அப்பாவோடதும் தொங்கணும், அப்பாவே உங்க வீட்டுக்கு வந்து அதைப் பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் பேசாம மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருந்தா நான் லீவுக்கு இங்கயே கெடக்கறேன், டிக்கெட்டே போடப் போறதில்ல. பதினஞ்சாம் தேதிக்குள்ள சொல்லுங்க." பேரரசர்கள்கூட இப்படி ஓலை அனுப்பியதில்லை.

உன் அப்பா, அதாவது என் தங்கை புருஷன், என் அருமை மச்சான், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மகான், அவருக்கும் எனக்கும் ஏன் பேச்சு நின்றது என்பதில் என் தரப்பை வரலாறு மறந்துவிடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு உன் பெரியம்மா பெண் கல்யாணத்துக்குப் போனேன். மண்டப வாசலில் நின்ற உயரமான பெரியவர் ஒருவரைக் கும்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளெல்லாம் எப்படி இருக்கிறார்கள், முட்டுவலி தேவலையா என்று கால்மணி நேரம் விசாரித்தேன். கோட்டுக்குச் சொந்தக்காரர் வந்து "சார், என் கோட்டை விடுறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அது கோட்டு மாட்டும் ஸ்டாண்டு என்று தெரிந்தது. முந்நூறு பேர் சிரித்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது பேரின் சிரிப்பைத் தாண்டிக் கேட்டது உன் அப்பாவின் சிரிப்பு. "இது கண்ணாடி இல்ல, பாட்டில் அடி!" என்று சபை நடுவில் நான் கர்ஜித்தேன். அன்றிலிருந்து அவர் சாயங்காலம் ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு என் வீட்டைத் தாண்டும்போது எதிர்ப்பக்க நடைபாதையில், கழுத்துச் சுளுக்கிக்கொண்டவர் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போகிறார். நானும் அந்தக் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றி இழுப்பறையில் அடக்கம் செய்துவிட்டு, இரண்டு வருஷமாக உலகத்தைக் குத்துமதிப்பாகப் பார்த்து வாழ்ந்து வருகிறேன்.

இருந்தாலும் உனக்காக இறங்கினேன். தெளிந்த தண்ணீர் மாதிரி இருக்கிற பிளாஸ்டிக் உருண்டை பதினாலு வாங்கினேன். அதன்மேல் அப்பா, அம்மா, அத்தை, மாமா என்று நீ எங்களைக் கூப்பிடுகிற முறையையே சிவப்பு வினைல் தாளில் வெட்டி ஒட்டுவது என்று திட்டம். மாடி வீட்டுப் பனியன்காரரைத் தெரியுமல்லவா, விளையாட்டு டீம்களுக்குப் பனியனில் பேரும் நம்பரும் வைத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பாரே, அவர் தன் வெட்டும் மெஷினை இரவல் கொடுத்தார். கொடுத்தவர் சும்மா போகாமல், "சார், திரையில மேல் மூலையில ஒரு டிக் இருக்கும் பாருங்க. பனியனுக்கு எழுத்தை இடவலம் திருப்பி வெட்டணும், அதுக்குப் போட்டு வச்சது. உருண்டைக்கு அது வேணாம், எடுத்துட்டு வெட்டுங்க" என்றார். "தம்பி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கத்தரி புடிச்சவன்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, மேல் மூலையில் கறுப்பாக இருந்த ஒன்றை விரலால் துடைத்து எடுத்தேன். அது கொசு என்பது பின்னால் தெரியவந்தது.

மெஷின் வெட்டிய வெட்டு இருக்கிறதே, தெருக்கோடி நாய் எழுந்து உட்கார்ந்தது. வெட்டி முடித்ததும் எழுத்தை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள வேண்டாத தாளை உரிக்க வேண்டும். உரித்தேன். அப்போதுதான் தமிழில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று உணர்ந்தேன். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு இரண்டு. ஒவ்வொன்றும் எள்ளளவு, பசையோ யானையளவு. ஊசி முனையில் எடுத்தால் விரலுக்குத் தாவும். விரலை உதறினால் மூக்குக்குத் தாவும். சித்தப்பாவின் இரண்டாவது புள்ளி பூனையின் நெற்றிக்குப் போய், பூனை இப்போது கல்யாணமானது மாதிரி வளையவருகிறது. அம்மாவின் புள்ளி என் புருவத்தில் இருந்ததை, தபால்காரர் "மச்சம் புதுசா சார்?" என்று கேட்டபோது கண்டுபிடித்தோம். இது போதாதென்று, தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு உருண்டைகளைத் தடவிவிட்டேன். காலையில் பார்த்தால் உச்சியில் ஒட்டிய அத்தை இடுப்புக்கு இறங்கிவிட்டாள். பிறகு உன் அத்தையே ஸ்பிரிட் போட்டுப் பதினாலையும் துடைத்துக் கொடுக்க, மறுபடி ஒட்டினேன்.

ஒட்டி முடித்து மரத்தடியில் வரிசையாக வைத்து, "வா, வந்து பார், கைவண்ணம்!" என்று கூப்பிட்டேன். உன் அத்தை தன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க இது, எல்லாம் பின்னாடி நடக்குது?"

"இது புது மாதிரி எழுத்து. உனக்குப் புரியாது."

"அந்த இழுப்பறையில கெடக்கற கண்ணாடியப் போட்டுத் தொலைங்களேன். ஒரு தடவ. உங்க மச்சானுக்கா தெரியப்போவுது?"

போட்டேன். மருமகளே, என்ன சொல்வேன்! எதிர் வீட்டு மதிலில் எறும்பு போனது தெரிந்தது. அதன் பின்னால் போன எறும்பு களைத்திருந்ததும் தெரிந்தது. அப்புறம் உருண்டைகளும் தெரிந்தன. பதினாலும் இடவலம் மாறி நிற்கின்றன. 'அப்பா'வில் முன்னால் நிற்க வேண்டிய 'அ' கடைசியில் போய், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது. அச்சு அசல் உன் அப்பாதான்.

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. "இவ்வளவு நல்லாத் தெரியற கண்ணாடி அன்னிக்குக் கல்யாணத்துல ஏன்டி தெரியல?" என்றேன். உன் அத்தை மரத்துக்கு விளக்குச் சுற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னாள்: "அன்னிக்கு நீங்க போட்டுக்கிட்டு வந்தது என்னோடது. அதைத் தேடித்தான் நான் நாள் பூரா அலைஞ்சேன். ராத்திரி நீங்க கழட்டி வீசினதும் என்னோடத எடுத்துக்கிட்டு, உங்களோடத அங்க வச்சேன்."

"இத ரெண்டு வருஷமா ஏன்டி சொல்லல?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

மறுபடி வெட்டலாம் என்றால் சிவப்புத் தாள் தீர்ந்துவிட்டது. பனியன்காரரும் ஏதோ போட்டிக்குப் பனியன் அடிக்க மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிய்த்துத் திருப்பலாம் என்றால் எழுத்து கிழிகிறது. "வெட்டினது வெட்டியாச்சு, தொங்கவாவது விடுங்க" என்று உன் அத்தை பதினாலையும், எழுத்து அறைப் பக்கம் பார்க்க, ஜன்னலோரத்து மரத்தில் மாட்டிவிட்டாள். இந்த உருண்டையைக் காட்டி உன் அப்பாவை எந்த முகத்தோடு கூப்பிடுவேன்? "பாட்டில் அடி" என்று முந்நூறு பேர் முன்னால் சொன்ன வாயை ஒருவர் முன்னால் திறக்க எனக்குத் தைரியம் இல்லையம்மா. ஆகவே, நீ இந்த வருஷம் டிக்கெட் போட வேண்டாம். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். உன் அப்பாவிடம் பக்குவமாக, நான் அவரைப் பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டதாக மட்டும் சொல்லிவை. எதற்கு என்று கேட்டால் போனை வைத்துவிடு.

குளிரில் காதை மூடிக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். ஒட்டியதெல்லாம் நேராக ஒட்டட்டும்.

இப்படிக்கு,
மீளாத் துயரில் மூழ்கிய
உன் மாமா

பி.கு.: மேலே உள்ள எதையும் நம்பாதே. டிக்கெட்டைப் போடு!

உறையை ஒட்டப் போகிற நேரத்தில் மணி ஏழு. இருட்டிவிட்டதே என்று உன் அத்தை மரத்து விளக்கைப் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. திறந்தால், கையில் கடைச் சாவிக்கொத்தோடு உன் அப்பா.

"மச்சான்," என்றார். "ரெண்டு வருஷமா இந்த ஜன்னலைப் பாக்காமத்தான் போறேன். இன்னிக்குப் பளிச்சுனு இருந்துச்சா, கண்ணு தானா அங்க போயிடுச்சு. அப்பான்னு இருக்கு. என் பொண்ணே கூப்பிட்ட மாதிரி. வீட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குத் தப்பாத் தெரிஞ்சாலும் பரவால்ல, ரோட்டுல போற நான் படிக்கணும்னு திருப்பி வெட்டி ஒட்டியிருக்கீங்களே!"

தெளிந்த உருண்டை அல்லவா? அறைக்குள் தப்பாகத் தெரிகிற எழுத்து, தெருவிலிருந்து உருண்டையை ஊடுருவிப் பார்த்தால் சரியாகத் தெரிகிறது. இதை நான் விளக்குவதற்காக வாயைத் திறந்தேன். உன் அத்தை என் காலை மிதித்தாள். மூடிக்கொண்டேன்.

ஆனால் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மச்சான், உங்க கண்ணாடி நல்ல கண்ணாடி. அன்னிக்கு நான் போட்டிருந்தது இவளோடது."

"தெரியுமே."

"தெரியுமா?"

"பொம்பளைங்க ஃபிரேம், பூப்போட்டது. அதப் பாத்துத்தான் சிரிச்சேன்."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"எங்க சொல்ல விட்டீங்க?"

சொல்லிவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் என் மூக்கின் மேல் கோணலாக இருந்த கண்ணாடியை நேராக்கினார். பிறகு மரத்துக்குப் போய், உருண்டைகளை ஒவ்வொன்றாக ஒற்றை விரலால் கொக்கியோடு அரைச் சுற்றுத் திருப்பினார். அவ்வளவுதான். எழுத்து தெருப்பக்கம் போக, உருண்டையை ஊடுருவி உள்ளேயிருந்து நன்றாகப் படிக்க முடிந்தது. நான் ஒப்பாரி வைத்த காரியத்துக்கு உருண்டைக்கு ஒரு நொடிதான் வேலை. பதின்மூன்றைத் திருப்பினார். தன்னுடையதை மட்டும் தொடவில்லை. "இது ரோட்டுலருந்து படிக்கற மாதிரியே இருக்கட்டும் மச்சான். நாளைக்கும் இந்த வழியாத்தான வரணும்" என்றார்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். ஆனால் இவ்வளவு நல்ல சோகத்தை வீணாக்க மனசு வரவில்லை. நீ படித்துவிட்டுக் கிழித்துவிடு. உன் அப்பா இப்போது கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, என் தொலைநோக்கைப் பற்றி உன் அம்மாவிடம் போனில் புகழ்ந்துகொண்டிருக்கிறார். கொசு விஷயம் மட்டும் நம் இரண்டு பேரோடு போகட்டும்.