தூணில் இருந்த நாலு வரி

லாரி ஷெட்டின் இணையதளம் காலையிலேயே படுத்துவிட்டது. படுக்க வைத்தவள் அங்கேயே மூட்டை தூக்கும் அக்காவின் மகள். ஷெட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. இன்று தேறினால்தான் வேலை நிரந்தரம்.

முதலாளி கேட்டது சின்ன விஷயம். வாசல் தூணில் பெயின்டில் இருந்த நாலு வரி, தளத்தின் உச்சியில் அச்சு அசலாக வரவேண்டும்.

எவ்வளவு பாரம்
ஆனாலும் ஏற்றிய
கை இறக்கும்
வரை விடாது

சர்வரின் செட்டிங்ஸில் அப்படியே ஒட்டினாள். ஒரு செட்டிங்குக்கு ஒரு வரிதான் என்பது அங்கே சட்டம். இரண்டாம் வரியைப் புதுக் கட்டளையாக எடுத்துக்கொண்ட சர்வர், 'ஆனாலும் ஏற்றிய' என்றொரு கட்டளையே தனக்குத் தெரியாது என்று நின்றுவிட்டது.

வரி இன்னும் முடியவில்லை என்று சர்வருக்குச் சொல்ல, வரிக்கடைசியில் சாய்கோடு போட்டாள். தளம் எழுந்தது. நாலும் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வந்தது.

"என்னம்மா, இப்படி நசுக்கி வச்சிருக்க?" என்றார் முதலாளி. "வரி ஒடையற எடம் ஒவ்வொண்ணும், சொமக்கறவன் மூச்சு வாங்குற எடம். உயிரே அதுலதான் இருக்கு."

'இங்கே வரியை உடை' என்பதற்கான குறியாக, சாய்கோட்டுக்குப் பக்கத்தில் ஆங்கில 'என்' எழுத்தைச் சேர்த்தாள். வரி உடையவில்லை, நடுநடுவே அந்த எழுத்துதான் வந்து உட்கார்ந்தது.

ஒரு வாடிக்கையாளர் போனில் கேட்டார்: "அந்த மூணு 'என்' யாருங்க, புதுப் பங்காளிங்களா?"

ஜன்னலுக்கு வெளியே சுமைக்காரர்கள் கூடிவிட்டார்கள்.

"அக்கா, உம் பொண்ணு கைவச்சதுலேர்ந்து ஒண்ணும் உருப்படியா வரலியே," என்றான் ஒருவன்.

"நீ மொத நாளு எத்தனை மூட்டைய கால்ல போட்டுக்கிட்டன்னு சொல்லவா?" என்றாள் அம்மா. "அது எம் பொண்ணுடா. எறக்காம விடமாட்டா."

மகளுக்கு அது காதில் விழுந்தது. தலைக்கு அடங்காத மூட்டையை அம்மா எப்போதும் பிரித்துத்தான் கட்டுவாள். அவளும் பிரித்தாள். நாலு செட்டிங், ஆளுக்கொரு வரி. ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது இணையப் பக்கத்தின் பொறுப்பு.

திரையில் நாலு வரி, தூணில் இருந்தபடியே நின்றது.

முதலாளி ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "வேலை நிரந்தரம்மா," என்றார்.

அம்மா சும்மாட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சுமைக்காரர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் நின்று நிதானமாகப் பார்த்தாள்.

லாரிக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்த பெயின்டர், பிரஷ்ஷும் கையுமாக ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"தூணு ஒல்லி, ஒரு வரியில அடங்கல, அதனால நான் ஒடச்சு ஒடச்சு எழுதினேன். இங்கதான் இவ்ளோ அகலமா எடம் கெடக்கே, நீங்க எதுக்குங்க ஒடச்சீங்க?"