சாவிஞான் பிளானும் சிவப்பு பக்கெட்டும்

ஒரு திராட்சையை முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் இந்த வருஷத்தை விடுவதில்லை என்று தீர்மானம் செய்தேன்.

என் பெயர் பகலவன். எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். நாற்பதடி கன்டெய்னரை நூல் பிசகாமல் லாரியில் உட்கார வைப்பவன். எனக்கு ஒரு திராட்சை எம்மாத்திரம்?

இது ராயபுரம் தள்ளுவண்டித் திராட்சை இல்லை. வெள்ளை ஒயின் திராட்சை. பெயர் சாவிஞான் பிளாங்க். கடைசி எழுத்தை முழுங்கிவிட்டு 'பிளான்' என்று சொல்ல வேண்டுமாம். டீ நேரத்தில் போனில் பார்த்த வீடியோவில் ஒரு மீசைக்காரர் சொன்னார். சாவி இருக்கிறது, ஞானம் இருக்கிறது, பிளானும் இருக்கிறது. எனக்காகவே பழுத்த திராட்சை!

காரணத்தை மறைப்பானேன்? மச்சினி வீட்டு கிரகப்பிரவேசத்தில், மாமனாருக்குப் போட வேண்டிய மாலையை கேஸ் சிலிண்டருக்குப் போட்டுவிட்டேன். அதன் காலில் விழுந்து ஆசீர்வாதமும் கேட்டேனாம். மறுநாள் என் மனைவி ராமசெல்வி என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்து சத்தியம் வாங்கினாள். அவள் பெயர் சொல்லச் சொல்ல, பிராந்தி, ரம், பீர் மூன்றையும் விட்டேன். ஏழு மாசமாகிறது. இன்றுவரை சத்தியத்தில் ஒரு கீறல் இல்லை.

ஒயின் பெயரை அவள் சொல்லவும் இல்லை, நான் ஞாபகப்படுத்தவும் இல்லை.

"செல்வி, நான் படிக்கப் போறேன்."

"இந்த வயசுலயா? இன்னா படிப்பு?"

"சாவிஞான் பிளான்."

"பீரோ சாவி எங்கிட்ட கீது. பிளான் உங்கிட்ட கீதா? இன்னா பிளானு, சொல்லு."

"அது ஒரு திராட்சை. அதுல டிரை ஒயின் பண்ணுவாங்கோ."

"டிரைன்னா? பவுடரா?"

"இனிப்பு இல்லாததும்மே. சர்க்கரை பூரா புளிச்சுப் பூட்டிருக்கும். ஒடம்புக்கு..."

"ஆக, குடிக்கப் போற."

"குடிக்கிறது வேற, டேஸ்ட் பண்றது வேற! இதுக்குன்னு வெளிநாட்ல காலேஜ் கீது. மோந்து பாத்தே எந்த ஊரு தோட்டம்னு சொல்ற வாத்தியாருங்க கீறாங்கோ."

கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். கத்தவில்லை. அவள் எம்.கே.பி. நகரில் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவள். என் முகத்தை ஒரு நிமிஷம் படித்தாள்.

"சரி, படி. ஆனா முறையா படிக்கணும். பாதியில வுட்டா நான் சும்மா இருக்க மாட்டேன்."

இவ்வளவு சுலபமாகவா? எனக்கே பேஜாராகிவிட்டது.

மறுநாள் மாடி வீட்டு சௌக்கத் அலி பாயை அழைத்து வந்துவிட்டாள். பாய் பன்னிரண்டு வருஷம் சொகுசுக் கப்பலில் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறியவர். ஆயிரம் பாட்டில் திறந்திருப்பார். ஒரு சொட்டு நாக்கில் பட்டதில்லை.

"சாவிஞானா? புல்லு வெட்டுனா ஒரு வாசம் வரும்ல மாமு, அது வரும். நெல்லிக்கா, கொய்யா, குடமிளகா வாசமும் வரும். அப்பால, தங்கச்சி தப்பா நெனைக்கக் கூடாது... பூனை மூத்திரம்."

"பூனை மூத்திரமா!"

"வெள்ளைக்காரன் அத மோந்துட்டு ஆகான்னுவான் தங்கச்சி."

ராமசெல்வி என் பக்கம் திரும்பினாள். "இதுக்கா யா பாட்டில் வாங்கப் போற? மாடிப்படிக்குக் கீழ போயி மோந்துகினு வா, போ."

நான் அசையவில்லை. தீர்மானம் என்றால் தீர்மானம். சனிக்கிழமை டவுனுக்குப் போய்ப் பாட்டில் வாங்கினேன். ஞாயிறு மதியம்வரை அது ஃப்ரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் குளிர்ந்தது.

பாடம் ஆரம்பித்தது. மேஜையில் பாட்டில். அதற்குப் பக்கத்தில் இருமல் மருந்துக்கு மூடியாக வருகிற அளவுக் குப்பிகள் இரண்டு. தரையில் ஒரு சிவப்பு பக்கெட்.

"பக்கெட்டு எதுக்கு?"

"துப்ப."

"எத?"

பாய்தான் விளக்கினார். "பெரிய நிபுணருங்க ஒரு சொட்டு முழுங்க மாட்டாங்கோ மாமு. வாயில வச்சி உருட்டி, துப்பிடுவாங்கோ. கப்பல்ல நாந்தான் அந்த வாளியத் தூக்குவேன்."

"அவங்க நாப்பது வகை டேஸ்ட் பண்ணுவாங்கோ! எனக்கு ஒண்ணுதான பாய்!"

"ஒண்ணுன்னாலும் முறைன்னு ஒண்ணு கீதுல்ல?" என்றாள் ராமசெல்வி.

பத்து மில்லி ஊற்றினாள். மோந்தேன். உருட்டினேன். இருமுவது போல நடித்து, பாதிக்கு மேல் உள்ளே தள்ளினேன்.

"இந்த மூடியில துப்பு," என்று இன்னொரு குப்பியை நீட்டினாள். துப்பியதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "போனது பத்து. வந்தது நாலு. பாய், முழுங்குனா?"

"பெயிலு தங்கச்சி."

"இன்னொருவாட்டி பெயிலானா படிப்பு நிறுத்தம்."

பல்லைக் கடித்தேன். கடித்த பல்லுக்குப் பின்னால் ஒயினை உருட்டினேன். பத்து போனது, பத்து வந்தது. பக்கெட்டில் கொட்டினாள். மறுபடி பத்து. கண்ணில் நீர். டிரை ஒயின் என்பதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. காய்ந்தது என் தொண்டை.

ஆனால் ஆறாவது குப்பியில் ஒன்று நடந்தது. எதுவோ மூக்கில் வந்து உட்கார்ந்தது.

"கொய்யா! செங்காய்க் கொய்யா! உப்பு, மொளகாத்தூள் போடாதது!"

பாய் கை தட்டினார். "பாஸ் மாமு!" பெருமையில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நிஜமாகவே ஒரு திராட்சையைத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

பாய் மாடி ஏறிப் போனார். பாட்டிலில் முக்கால்வாசிக்கு மேல் மிச்சம். ராமசெல்வி அசந்த நேரத்தில் பாடத்தை ஒரு தடவை திருப்பிப் படித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். "பக்கெட்டக் கழுவிட்டு வா யா," என்றாள். ஓடினேன். தேய்த்துக் கழுவிவிட்டு வந்தேன்.

அவள் முன்னால் வறுத்த வஞ்சிரம். கையில் எவர்சில்வர் டம்ளர். ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். முழுங்கினாள்.

"செல்வி! துப்பணும்!"

"அது படிக்கிறவங்களுக்கு. நான் இன்னா படிக்கிறனா? சாப்புடறேன்."

இன்னொரு வாய். ஒரு துண்டு மீன். மறுபடி ஒரு வாய்.

"கொய்யான்னு நீ சொன்னது கரீட்டுதான் யா," என்று பாட்டிலைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "அடுத்த ஞாயித்துக்கு எந்தத் திராட்சையப் படிக்கப் போற?"