இரண்டு செல்விகளும் ஒரு டபுள் டாலரும்

கம்ப்யூட்டரைப் பார்த்துப் பயந்தவர்கள் உத்திரமேரூரில் நிறைய பேர் உண்டு. கம்ப்யூட்டரே பார்த்துப் பயந்த ஒரே ஆள் எங்கள் டபுள் டாலர்தான்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில், வெப்சைட் செய்து தரும் சின்ன ஆபீசில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் படம், கலர் எல்லாம் போடுகிறவன். அவர் புரோகிராம் எழுதுகிறவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்பதால் நேரில் அக்கா. முதுகுக்குப் பின்னால் டபுள் டாலர். காரணம் இதுதான். பி.எச்.பி. என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு விவரத்தைப் போட்டு வைக்கும் டப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு டாலர் குறி போடுவார்கள். அக்கா இரண்டு போடுவார். இரண்டு போட்டால், முதல் டப்பாவில் விவரம் இருக்காது, வேறொரு டப்பாவின் பெயர்தான் இருக்கும். அதைப் படித்துவிட்டு அந்த டப்பாவைத் திறக்க வேண்டும். நாளைக்கு அந்தப் பெயர் மாறினால் திறக்கிற டப்பாவும் மாறும்.

ஆபீசில் டீ போடும் மூலையிலும் இதே கதை. சர்க்கரை டப்பாவைத் திறந்தால் ஒரு துண்டுச் சீட்டு, ‘பச்சை மூடி’ என்று. பச்சை மூடிக்குள் சர்க்கரை. மறுநாள் சீட்டில் ‘ஹார்லிக்ஸ் பாட்டில்’ என்றிருக்கும். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“எறும்புக்குப் படிக்கத் தெரியாது இல்ல?” என்றார்.

எறும்பு ஏமாந்ததோ இல்லையோ, எங்கள் ஓனர் மூன்று நாள் உப்பு போட்ட டீ குடித்தார்.

அந்தச் சமயம் ஒரு திருமணத் தகவல் மையத்துக்கு வெப்சைட் செய்தோம். பெண்ணின் பெயரை டைப் செய்தால், அந்தப் பெயரிலேயே டப்பா பிறக்கும்படி அக்கா எழுதினார். ஒரே பேரில் ரெண்டு பேர் வந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். படம் போடுகிறவன் படத்தைப் போடு என்றார். ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை.

வந்தார்கள், இரண்டு செல்விகள். முதல் செல்விக்கு இருபத்து நாலு வயது, போட்டோ உண்டு. இரண்டாவது செல்விக்கு ஊர் மானாம்பதி. நாற்பத்தொரு வயது, தையல் வேலை, போட்டோ கொடுக்க மறுத்தவர். அவர் அண்ணன்தான் பிடிவாதமாகப் பதிந்துவிட்டுப் போயிருந்தார். இரண்டாவது செல்வியின் விலாசமும் வயதும் முதல் டப்பாவின் மேலேயே போய் உட்கார்ந்தன. போட்டோ மட்டும் பழையதே நின்றது.

ஓரிக்கையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அந்தப் போட்டோவைப் பார்த்து மயங்கியதில் வயதைப் படிக்கவே இல்லை. பெண் பார்க்க வருகிறோம் என்ற கார்டும் அதே புரோகிராமிலிருந்தே மானாம்பதிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வேனில் பதினாலு பேர் போய் இறங்கினார்கள். செல்வி பட்டுப்புடவை கட்டி, கேசரி கிண்டி வைத்திருந்தார். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பொண்ணு எங்கே என்று கேட்டார்.

“நான்தான்” என்றாராம் செல்வி.

பதினாலு பேரும் கேசரியைத் தின்றுவிட்டுத் தலையைக் குனிந்தபடி வேன் ஏறினார்கள்.

திங்கட்கிழமை செல்வியின் அண்ணன் ஆபீசுக்கு வந்து கத்திய கத்தலில் கீழே பேக்கரிக்காரர் மேலே ஓடி வந்தார். கம்ப்யூட்டர் மிஸ்டேக் என்று ஒரு லெட்டர் கொடுத்தால் போதும் என்றார் ஓனர். அக்கா மொபெட்டை எடுத்தார். பின்னால் நான் உட்கார்ந்துகொண்டேன். நேராக மானாம்பதி போனோம்.

செல்வி தையல் மெஷினை நிறுத்தாமலே எங்களைப் பார்த்தார்.

“கம்ப்யூட்டர் மேல தப்பு இல்லக்கா” என்றார் டபுள் டாலர். “ரெண்டு பேருக்கு ஒரே டப்பா குடுத்தது நான். இவன் அப்பவே சொன்னான். நான் கேக்கல.”

அவர் தப்பை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். மெஷின் நின்றது.

“இந்த ஊர்லயே ஏழு செல்வி கீறோம்” என்றார் செல்வி. “தபால்காரரு பேர மட்டும் பாத்தா குடுக்கறாரு? கதவு நம்பரையும் சேத்து எழுதிக்க வேண்டிதானே?”

நான்கு வருடம் கம்ப்யூட்டர் படித்தவர் அதை நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். நாங்கள் கிளம்பும்போது செல்வி உள்ளே போய் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இதப் போடு. இனிமே வர்றவன் பாத்துட்டே வரட்டும்.”

பார்த்துவிட்டே ஒருவர் வந்தார். திருப்புட்குழியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். கல்யாணத்தில் அக்காவை முதல் பந்தியில் உட்கார வைத்து, செல்வியின் அண்ணனே கேசரி பரிமாறினார். அக்கா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு டப்பாவின் பெயரோடு கதவு நம்பரும் சேர்ந்தது. இரண்டு டாலர் மட்டும் போகவில்லை. அதைச் சொல்லித் தினமும் சண்டை போட்டேன், ஆபீசை மூடுகிற நாள் வரை.

இப்போது அக்கா எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. போன இடத்தில் அவரோடு சண்டை போட நல்ல ஆளாக ஒருத்தர் கிடைத்திருக்க வேண்டுமே என்று அவ்வப்போது கவலையாக இருக்கும்.